கரியானாலும் வெயிலானாலும் கணக்கில் வராதவர்கள்

2023ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் தேதி, சேத்தியாத்தோப்பு அருகே வளையமாதேவியில் விளைந்து நின்ற நெற்பயிருக்குள் மண் அள்ளும் இயந்திரங்கள் இறங்கின. நெய்வேலிச் சுரங்கத்தை விரிவாக்க வேண்டுமானால் பரவனாற்றைத் திருப்பிவிடும் கால்வாயை வெட்டியாக வேண்டும், இனியும் பொறுக்க முடியாது என்றது என்.எல்.சி. பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தி இழப்பீடும் கொடுத்துவிட்ட நிலம் இது என்றும் சொன்னது. பயிர் புரளும் காட்சியைத் தொலைக்காட்சிகள் நாள் முழுக்கக் காட்டின. இரண்டு நாள் கழித்து நடந்த முற்றுகைப் போராட்டம் கலவரமாக முடிந்தது. அறுவடை வரை காத்திருக்கக் கூடாதா என்று சென்னை உயர் நீதிமன்றம் கேட்டது. பிறகு பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவானது.

அந்தப் பணம் நியாயமானது. பயிரிட்டவருக்குக் கிடைத்தாக வேண்டியது. ஆனால் அந்தப் பயிருக்கு நாற்று பறித்தவர்கள், நடவு நட்டவர்கள், களை எடுத்தவர்கள் வேறு சிலர். வரப்புப் புல்லை அறுத்து ஆடு வளர்த்தவர்கள், நெல்லுக்குப் பின் உளுந்து பறித்துக் கூலி வாங்கியிருக்க வேண்டியவர்கள் அவர்கள். அவர்களுக்கு என்ன இழப்பு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் சொல்ல ஒரு பதிவேடு கிடையாது. நிலத்துக்குப் பட்டா உண்டு, பயிருக்கு அடங்கல் உண்டு. கூலி வேலைக்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை.

நிலக்கரியா, சூரிய ஒளியா என்று நாடு முழுக்க விவாதம் நடக்கிறது. எந்த எரிபொருள் எவ்வளவு கரியமில வாயுவைக் கக்குகிறது, எந்த மின்சாரம் எந்த விலைக்குக் கிடைக்கிறது என்று நிபுணர்கள் பேசுகிறார்கள். நம் மாவட்டத்துச் சேரியிலிருந்து பார்க்கும்போது இவற்றுக்கு முன்பாக இன்னொரு கேள்வி நிற்கிறது. எந்த மின்சாரமானாலும் அதற்கு நிலம் வேண்டும். அந்த நிலத்தில் உழைத்துக்கொண்டிருப்பவர், நிலம் அவர் பெயரில் இல்லை என்ற ஒரே காரணத்தால், ஆளே இல்லாதவராக ஆகிவிடுவது ஏன்?

ஒரே மேடையில் இரண்டு திட்டங்கள்

2021 பிப்ரவரி 25 அன்று கோவைக்கு வந்த பிரதமர், என்.எல்.சி.யின் இரண்டு திட்டங்களை ஒரே மேடையில் நாட்டுக்கு அர்ப்பணித்தார். ஒன்று, பழுப்பு நிலக்கரியில் இயங்கும் 1,000 மெகாவாட் நெய்வேலி புதிய அனல்மின் நிலையம். மற்றொன்று, திருநெல்வேலி, தூத்துக்குடி, ராமநாதபுரம், விருதுநகர் மாவட்டங்களில் சுமார் 2,670 ஏக்கரில் அமைந்த 709 மெகாவாட் சூரிய மின்திட்டம். கரியும் வெயிலும் எதிரெதிர் முகாம்கள் என்றுதான் நாம் நினைக்கிறோம். அன்று இரண்டும் ஒரே நிறுவனத்தின் இரண்டு கைகளாக நின்றன.

இதில் தவறேதும் இல்லை. கரியிலிருந்து மெல்ல வெளியேற வேண்டிய பொதுத்துறை நிறுவனம் சூரிய மின்சாரத்துக்குள் நுழைவது வரவேற்க வேண்டியதே. ஆனால் நெய்வேலியில் எழுபது ஆண்டுகளாக நாம் பார்த்த ஒரு பழக்கம், கரி போய் வெயில் வந்தாலும் மாறாமல் தொடர்கிறதா என்று பார்க்க வேண்டிய பொறுப்பு இந்த மாவட்டத்துக்காரர்களான நமக்குத்தான் அதிகம்.

நெய்வேலி கற்றுக்கொடுத்தது

1956இல் என்.எல்.சி. தொடங்கப்பட்டது. 1957 மே மாதம் நேரு முதல் சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். அறுபதுகளில் சோவியத் உதவியோடு எழுந்த முதல் அனல்மின் நிலையம் 2020இல் தன் ஆயுளை முடித்துக்கொண்டது. இடைப்பட்ட காலத்தில் அந்த மின்சாரம் தமிழகத்துத் தொழிற்சாலைகளையும் பம்புசெட்டுகளையும் ஓட்டியது. நெய்வேலி நகரியம் உருவானது. படித்த தலித் இளைஞர்கள் கணிசமானோர் இடஒதுக்கீட்டின் வழியாக அங்கே நிரந்தர வேலைக்குப் போனார்கள். ஒரு தலைமுறை சேரியிலிருந்து குவார்ட்டர்ஸுக்குக் குடிபெயர்ந்தது. இந்த நன்மையை மறைத்துவிட்டு நெய்வேலியைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது.

அதே நெய்வேலியின் மறுபக்கம், நிலம் போன கிராமங்கள். நிலம் கொடுத்தவர்களுக்கு இழப்பீடு போதவில்லை, வாக்களித்த நிரந்தர வேலை கிடைக்கவில்லை என்ற போராட்டம் பல பத்தாண்டுகளாக நடக்கிறது. அது நியாயமான போராட்டம். ஆனால் அதன் கோரிக்கைப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். ‘நிலம் கொடுத்தோர்’ என்ற சொல்லில்தான் அது தொடங்குகிறது. கொடுக்க நிலமே இல்லாதவர் அந்த முதல் சொல்லிலேயே வெளியே நின்றுவிடுகிறார். விவசாயத் தொழிலாளர் சங்கங்களும் தலித் அமைப்புகளும் கூலிக்காரர்களுக்காகக் குரல் கொடுக்காமல் இல்லை. ஆனால் பேச்சுவார்த்தை மேசைக்குப் போகும்போது ஏக்கருக்கு எவ்வளவு என்பதே பேச்சாகிறது. ஏக்கரே இல்லாதவரின் பேச்சு வாசலோடு நின்றுவிடுகிறது.

வேலையிழந்த கூலிக்காரர்களில் உடல் வலு உள்ளவர்கள் அதே சுரங்கத்தின், அதே அனல்மின் நிலையத்தின் ஒப்பந்தத் தொழிலாளர்களாகப் போனார்கள். ஒப்பந்தக்காரர் எடுக்கும் ஆளுக்கு இடஒதுக்கீடு இல்லை, பணி நிரந்தரம் இல்லை. ஆபத்து மட்டும் உண்டு. 2020ஆம் ஆண்டு மே மாதத்திலும் ஜூலை மாதத்திலும் இரண்டாவது அனல்மின் நிலையத்தில் அடுத்தடுத்துக் கொதிகலன் விபத்துகள் நடந்து பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்களும் இருந்தார்கள். நிலத்துக்கு உள்ளே வேலை போனவர், ஆலைக்கு உள்ளே உத்தரவாதமில்லாத வேலைக்குப் போகிறார். நெய்வேலி காட்டும் பாதை இதுதான்.

சட்டம் எண்ணச் சொல்கிறது

கூலிக்காரருக்கு இழப்பீடு கேட்பது கருணை கேட்பதல்ல. சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. 2013ஆம் ஆண்டு நிறைவேறி, 2014 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த நிலமெடுப்புச் சட்டம், ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்றால் யார் என்று தெளிவாக வரையறுக்கிறது. நிலம் இழந்தவர் மட்டுமல்ல. சொந்த நிலம் இல்லாவிட்டாலும், கையகப்படுத்துவதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளாக அந்தப் பகுதியில் விவசாயக் கூலியாகவோ குத்தகைதாரராகவோ வாரத்துக்குப் பயிரிடுபவராகவோ கைவினைஞராகவோ இருந்து, அதையே முதன்மை வாழ்வாதாரமாகக் கொண்ட குடும்பமும் பாதிக்கப்பட்ட குடும்பமே. அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை இத்தகைய குடும்பத்துக்கு மூன்று வழிகளைச் சொல்கிறது. திட்டத்தில் வேலைகள் உருவானால் ஒருவருக்கு வேலை, அல்லது ஒரே தவணையில் ஐந்து லட்சம் ரூபாய், அல்லது மாதம் 2,000 ரூபாய்க்குக் குறையாமல் இருபது ஆண்டுகளுக்கு உதவித்தொகை.

அப்படியானால் நம் மக்களுக்கு ஏன் கிடைக்கவில்லை? எண்ணுவதற்கான ஏற்பாட்டை எடுத்துவிட்டார்கள் என்பதுதான் பதில்.

2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் ‘சமூகத் தாக்க மதிப்பீடு’ என்று ஒரு கட்டம் உண்டு. நிலத்தை எடுக்கும் முன்னரே, எத்தனை குடும்பங்கள் பாதிக்கப்படும் என்று உள்ளாட்சியைக் கலந்து ஆய்வு செய்து, பொதுக் கருத்துக் கேட்டு, அறிக்கை வெளியிட வேண்டும். பட்டா இல்லாதவரின் பெயர் அரசுத் தாளில் ஏறுவதற்கு இருக்கும் ஒரே வாசல் அதுதான். தமிழ்நாடு அரசோ அந்தச் சட்டத்தில் 105ஏ என்ற பிரிவைச் சேர்த்து, மாநிலத்தின் மூன்று நிலமெடுப்புச் சட்டங்களுக்கு விலக்கு வாங்கியது. அவற்றில் ஒன்று 1997ஆம் ஆண்டுத் தொழில் நோக்கங்களுக்கான நிலமெடுப்புச் சட்டம். நெய்வேலிச் சுரங்கத்துக்கு நிலம் எடுக்கப் பயன்படுவது அதுவே. இன்னொன்று 2001ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம். மூன்றாவது, ஆதிதிராவிடர்களுக்கு வீட்டுமனை போன்றவை வழங்குவதற்காக இயற்றிய 1978ஆம் ஆண்டுச் சட்டம். நமக்கு மூன்று சென்ட் மனை விரைவாகக் கிடைக்க வேண்டும் என்பதற்காக வந்த சட்டத்தை, சுரங்கத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் நிலம் எடுக்கும் சட்டங்களோடு ஒரே கட்டாகக் கட்டினார்கள்.

2019இல் சென்னை உயர் நீதிமன்றம் இந்த ஏற்பாட்டைச் செல்லாது என்றது. மாநில அரசு அதே ஆண்டில் புதிய சட்டம் இயற்றி மூன்றுக்கும் உயிர் கொடுத்தது. 2021இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்று தீர்ப்பளித்தது. இடையில் ஆட்சி மாறியது, இந்த ஏற்பாடு மாறவில்லை. விளைவு இதுதான். இழப்பீடு, மறுவாழ்வு பற்றிய மத்தியச் சட்டத்தின் அட்டவணைகள் பொருந்தும். சமூகத் தாக்க மதிப்பீடு கட்டாயமில்லை. பந்தியில் இலை போடச் சட்டம் சொல்கிறது. யார் யார் பசித்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டியதில்லை என்றும் சொல்கிறது.

டெல்டாவைக் காத்தோம், யாருக்காக?

2023 ஏப்ரலில், ஒன்றிய நிலக்கரி அமைச்சகத்தின் ஏலப் பட்டியலில் கிழக்கு சேத்தியாத்தோப்பு, மைக்கேல்பட்டி, வடசேரி ஆகிய மூன்று நிலக்கரித் தொகுதிகள் இருந்தது தெரியவந்தது. எல்லாக் கட்சிகளும் ஒரே குரலில் எதிர்த்தன. முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். சில நாட்களிலேயே அவை பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் அன்று கேடயமாகப் பயன்பட்டது. நம் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோவில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி ஆகிய ஐந்து வட்டாரங்கள் அந்த மண்டலத்தில் இருக்கின்றன.

வயல் காப்பாற்றப்பட்டதில் கூலிக்காரருக்கும் பங்கு உண்டு. வயல் போனால் அவர் வேலையும் போகும். ஆனால் வயல் இருப்பதாலேயே அவர் வாழ்வு காப்பாற்றப்பட்டதாகிவிடாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் சொந்தமாகப் பயிரிடுவோர் சுமார் 42 லட்சம் பேர். விவசாயக் கூலிகள் சுமார் 96 லட்சம் பேர். நாட்டு மக்களில் ஆறில் ஒருவர் பட்டியலினத்தவர். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி அவர்கள் பயிரிடும் நிலமோ மொத்தத்தில் 9 சதவீதத்துக்கும் குறைவு. நம் மாவட்ட மக்களில் 29 சதவீதத்துக்கு மேல் பட்டியலினத்தவர். கூலிக்காரர் எல்லோரும் தலித் அல்ல. வன்னியர், இருளர் உள்ளிட்ட பலரும் இருக்கிறார்கள். அதனால்தான் இது சேரியின் கோரிக்கை மட்டுமல்ல, ஊரில் நிலமில்லாதவரின் கோரிக்கையும்கூட. வேளாண் மண்டலம் என்ற பெயர்ப் பலகைக்குள் உழைப்பவருக்கு ஒரு துண்டு நிலமாவது உண்டா என்று கேட்காமல், மண்டலத்தைக் காத்தோம் என்று நிறைவடைய முடியாது.

யாருடைய தரிசு?

இனி, அதே பிப்ரவரி மேடையில் கரிக்குப் பக்கத்தில் நின்ற வெயிலிடம் வருவோம். அந்த 2,670 ஏக்கர் விரிந்து கிடக்கும் தென்மாவட்டங்களில், அதற்கு முன்பே பெரிய அளவில் சூரிய மின்சாரம் வந்துவிட்டது. ராமநாதபுரம் மாவட்டம் கமுதி அருகே, 2016இல் சுமார் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையத்தை அதானி நிறுவனம் அமைத்தது. ஒரே இடத்தில் அமைந்த உலகின் மிகப் பெரிய சூரிய மின்நிலையம் என்று அன்று கொண்டாடப்பட்டது. அதன் பிறகு தென்மாவட்டங்களின் வறண்ட நிலங்கள் முதலீட்டாளர்களின் கண்ணில் தங்கமாயின.

அந்த நிலங்களைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் பயன்படுத்தும் சொல் ‘தரிசு’. வருவாய்த் துறையின் மொழியில் தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு, மேய்க்கால் புறம்போக்கு என்று வகைகள் உண்டு. அரசுக்கு வரி தருவது எது, தராதது எது என்பதை வைத்துப் பிறந்த சொற்கள் இவை. வரி கட்டும் நிலத்துக்குப் புறத்தே கிடந்ததால் அது புறம்போக்கு. அந்த நிலத்தில் பிழைத்தவனைத் திட்டுவதற்கே பிறகு அந்தச் சொல் பயன்பட்டது. சொல்லின் வரலாறே நம் வரலாறுதான். சர்க்காருக்கு வருமானம் தராத நிலம் ஏழைக்கும் எதுவும் தரவில்லை என்று முடிவு கட்டியவர், அங்கே போய்ப் பார்த்தவர் அல்லர்.

ராமநாதபுரத்துத் தரிசில் சீமைக்கருவேலம் வளர்கிறது. அதைத் தூரோடு வெட்டி, மூட்டமாக அடுக்கி, வைக்கோலும் மண்ணும் பூசி, பல நாள் புகையவிட்டு, பிரித்து ஆறவைத்து மூட்டை கட்டினால் கரி. மழை பொய்த்த ஆண்டுகளில் அந்த மாவட்டத்துக் கூலிக் குடும்பங்கள் பலவற்றுக்கு அடுப்பெரிந்தது அந்தக் கரிமூட்டத்தால்தான். அந்தத் தரிசில்தான் ஆடு மேய்கிறது, அடுப்புக்கு விறகு கிடைக்கிறது. கரிமூட்டத்தை யாரும் உயர்ந்த தொழில் என்று சொல்ல மாட்டார்கள். கண்ணும் நுரையீரலும் கெடும், முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு வேலை செய்ய வேண்டிவரும். சீமைக்கருவேலத்தை ஒழிக்க வேண்டும் என்று சூழலியலாளர்களும் நீதிமன்றமும் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒழிக்கட்டும். ஆனால் அந்த மரத்தைத் தவிர வேறு பிழைப்பு இல்லாதவரை எங்கே நிறுத்துவது என்பதையும் சேர்த்து முடிவெடுக்க வேண்டாமா?

சூரிய மின்திட்டம் வரும்போது இந்தக் கேள்வியை எழுப்ப ஓர் இடமே இல்லை. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி சூரிய மின்திட்டங்களுக்கு முன் அனுமதியும் பொதுக் கருத்துக் கேட்பும் தேவையில்லை. புகை இல்லாததால் விலக்கு. அனல்மின் நிலையத்துக்காவது கருத்துக் கேட்புக் கூட்டம் என்று ஒரு பந்தல் போடுவார்கள். ஒலிபெருக்கியைப் பிடித்து நாலு வார்த்தை பேசலாம். இங்கே பந்தலும் இல்லை. நிறுவனமே தரகர் வழியாக விலைபேசி வாங்கும் இடங்களில் நிலமெடுப்பு அலுவலரும் இல்லை. வெளியூர் போய்விட்ட நில உரிமையாளருக்கு, விளையாத நிலத்துக்கு நல்ல விலை கிடைத்த மகிழ்ச்சி. ஒருநாள் வேலி விழுகிறது. ஆடு வேலிக்கு வெளியே நிற்கிறது, ஆட்டுக்காரரும் நிற்கிறார்.

பசுமைக்கு மாறும்போது இடஒதுக்கீடு எங்கே?

வேலியைக் கட்டும்வரை வேலை கிடைக்கும். கம்பி நட, தகடு பொருத்த, பள்ளம் தோண்டப் பல நூறு பேர் வேண்டும். கட்டி முடித்த பிறகு தேவைப்படுவோர் சிலரே: காவலாளி, புல் வெட்டுபவர், தகடு துடைப்பவர், கணினி முன் அமரும் பொறியாளர். முதல் மூன்றும் ஒப்பந்த வேலைகள்.

இங்கேதான் தலித் இளைஞர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டிய ஒரு மாற்றம் நடக்கிறது. கரி மின்சாரத்தின் பெரும்பகுதி பொதுத்துறையில் இருந்தது. என்.எல்.சி.யில் ஒன்றிய அரசின் இடஒதுக்கீடு உண்டு. மின்வாரியத்தில், அருந்ததியர் உள்ஒதுக்கீடு உட்பட, பட்டியலினத்தவருக்கு 18 சதவீதம் உண்டு. காற்றாலையும் சூரிய மின்சாரமும் பெரும்பாலும் தனியார் கையில் இருக்கின்றன. தமிழகத்தில் காற்றாலை மட்டுமே 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. அந்த நிறுவனங்களில் இடஒதுக்கீடு என்ற பேச்சே இல்லை. கரி குறையக் குறைய, ஒரு தலைமுறையைச் சேரியிலிருந்து வெளியே கொண்டுவந்த அந்தக் கதவும் சத்தமில்லாமல் மூடுகிறது. இதைப் பற்றிப் பசுமை மாநாடுகளில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

இந்த இடத்தில் அம்பேத்கரை நினைக்காமல் இருக்க முடியாது. 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தது. 1943 அக்டோபரில் மின்சாரக் கொள்கைக் குழுவின் கூட்டத்தில், மின்சாரம் தனியாரிடம் இருக்க வேண்டுமா அரசிடம் இருக்க வேண்டுமா என்பதை அவர் முதன்மைக் கேள்வியாக வைத்தார். மலிவான, ஏராளமான மின்சாரம் இல்லாமல் தொழில் வளராது, தொழில் வளராமல் இந்த மக்களின் வறுமை தீராது என்பது அவர் வாதம். அதே பதவிக் காலத்தில்தான் 1944இல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நலநிதி உருவானது. 1947இல் எழுதிய ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ அறிக்கையில், அடிப்படைத் தொழில்களும் விவசாய நிலமும் அரசுடைமையாக வேண்டும், நிலம் சாதி வேறுபாடின்றிக் கிராமத்தவருக்குக் குத்தகைக்குத் தரப்பட வேண்டும் என்றார். மின்சாரத்தையும் நிலத்தையும் அவர் தனித்தனியாகப் பார்க்கவில்லை. நாம்தான் மின்சாரத்தைப் பொறியாளரிடமும் நிலத்தைத் தரகரிடமும் விட்டுவிட்டோம்.

கரிக்கு வக்காலத்து அல்ல

இவ்வளவும் எழுதியதால் கரியே இருக்கட்டும் என்று சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பூமி சூடானால் அந்தச் சூட்டை முதலில் தாங்குவது, மே மாத வெயிலில் வெட்டவெளியில் வேலை செய்யும் முதுகுதான். கனமழை கொட்டினால் முதலில் நீர் புகுவது தாழ்வான இடத்தில் ஒதுக்கப்பட்ட குடியிருப்பில்தான். 2011 தானே புயலையும் 2015 பெருவெள்ளத்தையும் பார்த்த மாவட்டம் இது. சுரங்கம் தோண்டுவதற்காக நிலத்தடி நீரை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதும் நமக்குத் தெரியும். கரி விடைபெற வேண்டியது உறுதி. இந்தியா 2070க்குள் நிகர பூஜ்ய உமிழ்வை எட்டுவதாக 2021இல் கிளாஸ்கோவில் உறுதி கொடுத்திருக்கிறது. தொழிலாளருக்கு நியாயமான மாற்றம் வேண்டும் என்று 2015 பாரிஸ் ஒப்பந்தத்தின் முகப்புரையே சொல்கிறது. அந்தத் ‘தொழிலாளர்’ என்ற சொல்லுக்குள் நடவுக்காரப் பெண்ணும் கரிமூட்டக்காரரும் வருவார்களா, வாயிலில் அடையாள அட்டை காட்டுபவர் மட்டும்தான் வருவாரா என்பதுதான் நம் கேள்வி.

மின்சாரத்தின் பயனும் இதே கணக்கில்தான் போகிறது. 1990 முதல் தமிழகத்தில் விவசாயிகள் அனைவருக்கும் இலவச மின்சாரம். நல்ல திட்டம், ஆனால் கிணறும் மோட்டாரும் உள்ளவருக்கு. 2024இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த வீட்டுக்கூரை சூரிய மின்திட்டத்தில் 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. நல்ல திட்டம்தான், தகடு தாங்கும் சொந்தக் கூரை உள்ளவருக்கு. காரை பெயர்ந்த தொகுப்பு வீட்டின் மேல் மூன்று கிலோவாட் தகட்டை ஏற்ற முடியாது.

என்ன கேட்கலாம்?

முதலாவது, கரியோ வெயிலோ காற்றோ, குறிப்பிட்ட பரப்புக்கு மேல் நிலம் தேவைப்படும் எந்த மின்திட்டத்துக்கும் சமூகத் தாக்க மதிப்பீட்டை மாநில அரசு கட்டாயமாக்க வேண்டும். 105ஏ பிரிவு இருப்பதால் மதிப்பீடு செய்யக் கூடாது என்று எந்தத் தடையும் இல்லை. மனம் இருந்தால் ஓர் அரசாணை போதும்.

இரண்டாவது, பெரும்பரப்பில் நிலம் கைமாறும்போது அதற்குள் பஞ்சமி நிலம் இருக்கிறதா என்று பழைய பதிவேடுகளைப் பார்த்துச் சான்றளிக்க வேண்டும். பிற்காலத்தில் நிலமற்றோருக்கு அளித்த நிபந்தனைப் பட்டா நிலங்களையும் அப்படியே சரிபார்க்க வேண்டும். 1892இல் தொடங்கி ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் நம் முன்னோருக்கு அளிக்கப்பட்டதாகச் சொல்லப்படும் மாநிலம் இது. வேலிக்குள் போன பிறகு தேடுவது வீண்வேலை.

மூன்றாவது, சுரங்கம் தோண்டி மூடிய நிலத்தில் பயிரிடத் தகுந்ததை, அதே கிராமங்களின் நிலமற்ற குடும்பங்களுக்குக் கூட்டுறவு முறையில் நீண்டகாலக் குத்தகைக்கு விட வேண்டும். நிலம் கொடுத்தவருக்குப் பணம் போனது. அந்த நிலத்தில் வேலை இழந்தவருக்கு நிலமாவது வரட்டும்.

நான்காவது, அரசு மின்நிறுவனம் ஒரு தனியார் சூரிய மின்நிலையத்தோடு பல ஆண்டு கொள்முதல் ஒப்பந்தம் போடும்போது, உள்ளூர் வேலையையும் அதில் பட்டியலினத்தவர் பங்கையும் ஒப்பந்த நிபந்தனையாக எழுத வேண்டும். மக்கள் பணத்தில் வாங்கும் மின்சாரம் அது.

ஐந்தாவது, மின்சாரத்தில் பங்குதாரராக வேண்டும். இது கனவல்ல. கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை ஊராட்சி 2006இல் சொந்தமாகக் காற்றாலை ஒன்றை வாங்கி, ஊர்த் தேவைக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்று வருமானம் பார்த்தது. ஓர் ஊராட்சியால் முடிந்தது, தாட்கோ கடன் பெற்ற விவசாயத் தொழிலாளர் பெண்கள் கூட்டுறவுச் சங்கத்தால் முடியாதா? மேய்ச்சலுக்கு இடம் விட்டு, புறம்போக்கில் ஐந்து ஏக்கரில் தகடு போட்டு அந்தச் சங்கம் மின்சாரம் விற்றால், அதுவும் பசுமைதான்.

இவை அரசு செய்ய வேண்டியவை. அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அடுத்த கிராமசபைக் கூட்டத்துக்கு முன் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்குங்கள். உங்கள் தெருவில் எந்தக் குடும்பம், யாருடைய நிலத்தில், எந்தப் பட்டத்தில், எத்தனை நாள் வேலை செய்கிறது, எத்தனை ஆடு எங்கே மேய்கிறது என்று வீடுவீடாக எழுதுங்கள். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் எழுதுங்கள். சட்டம் கேட்பது மூன்று ஆண்டுகளைத்தான். கிராமசபையில் அதை வாசித்துத் தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள், நகல் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாளை கால்வாய்க்கோ சுரங்கத்துக்கோ சோலார் பூங்காவுக்கோ நிலம் அளக்க வருபவரிடம், இந்த நிலத்தில் ஆள் இருக்கிறது என்று காட்ட அந்த நோட்டு இருக்கும்.